கம்பிக்குக் கீழே இருந்த பனி

சென்ற மாதம் கம்பெனியிலிருந்து ஒரு பெண் போன் செய்தார். பராமரிப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்த இன்ஜினியர். மலை மின் லைனை இனிமேல் ட்ரோன் பார்த்துக்கொள்ளும், நடந்து ரோந்து போகிற வேலை இந்தக் குளிர்காலத்தோடு முடிகிறது, அதில் இருந்த பழைய ஆட்களிடம் ஆளுக்கு நான்கு பக்கம் எழுதி வாங்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். "சுவாரசியமா எதுனா இருந்தா நல்லாருக்கும் சார்" என்றும் சேர்த்துக்கொண்டார்.

என்னிடம் பதினான்கு டைரிகள் இருக்கின்றன. தினமும் காலை வெப்பநிலை, காற்றின் திசை, புதிதாக விழுந்த பனியின் உயரம், அன்று நடந்த தூரம், உடன் வந்தவர்கள். இரண்டு நாள் உட்கார்ந்து புரட்டினேன். சுவாரசியம் என்று எடுத்துக் கொடுக்க அதிகம் இல்லை. ஒரு பிப்ரவரி மாதத்துப் பக்கங்களை மட்டும் படித்து முடித்ததும் எழுந்து போய் வாசலில் நிற்க வேண்டியிருந்தது. அந்தப் பக்கங்களைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கும்மிடிப்பூண்டிக்காரனுக்குப் பனிச்சரிவோடு என்ன வேலை என்று பலரும் கேட்டிருக்கிறார்கள். எங்கள் தொழிற்சாலையில் உயர் அழுத்த மின்கம்பிகளைத் தாங்கும் இரும்பு டவர்களைச் செய்தோம். ஆரம்பாக்கம், எளாவூர் பக்கத்து ஆட்கள்தான் பெரும்பாலும். அந்த டவர்கள் இமயமலையில் ஒரு கணவாய் வழியாக நின்றன. நிறுத்திக் கொடுத்ததோடு விடாமல் பராமரிக்கிற ஒப்பந்தத்தையும் கம்பெனி எடுத்தது. ஆகவே நெல் வயலுக்கு நடுவில் பிறந்த நாங்கள் சிலர் ஒவ்வொரு குளிர்காலமும் மூன்று மாதம் பனியில் நடந்தோம். ஏதாவது ஒரு டவரில் கம்பியைத் தாங்குகிற பீங்கான் உடைந்தால் பள்ளத்தாக்கு முழுக்க விளக்கு அணைந்துவிடும். அதனால் பனியென்று பார்த்து நிற்க முடியாது.

எழுத்தும் கணக்கும் ஒழுங்காக இருக்கிறது என்று என்னை மூன்று வாரப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். திரும்பி வந்ததும் நான் பனிப் பார்வையாளன். எந்தச் சரிவில் இன்று நடக்கலாம், எதில் கூடாது என்று எழுதிக் கையெழுத்துப் போடுகிற வேலை. கூட்டாளிகள் என்னை 'டைரி' என்று கூப்பிட்டார்கள்.

வேலையின் முறை இதுதான். முதலில் ஒரு குழி. தரை தெரிகிற வரை வெட்ட வேண்டும். வெயில் படாத பக்கத்துச் சுவரைத் தூரிகையால் நீவிவிட்டால் பனி அடுக்கடுக்காகத் தெரியும். எல்லாம் ஒரே வெள்ளை என்று நினைப்பவர்கள் அந்தச் சுவரைப் பார்த்ததில்லை. காற்று அடித்து இறுக்கிய அடுக்கு, வெயிலில் உருகி மறுபடி உறைந்த ஓடு, அவற்றுக்கு இடையே மாவு மாதிரி ஒன்று. ஒவ்வொன்றையும் கையால் குத்திப் பார்க்க வேண்டும். முழு முஷ்டியும் உள்ளே போனால் மிக மெத்து. பிறகு நான்கு விரல், ஒரு விரல், பென்சில், கடைசியாகக் கத்தி. பத்து சென்டிமீட்டருக்கு ஒரு முறை வெப்பமானியைச் செருக வேண்டும். தரையை ஒட்டி வெதுவெதுப்பாகவும் மேலே கடுங்குளிராகவும் இருந்தால் அடியில் உள்ள பனி கல்லுப்புப் போலப் பரல் பரலாக மாறிவிடும். பரலோடு பரல் ஒட்டாது. அதன் மேல் இருக்கிற கனமான அடுக்குக்குப் பிடிமானம் கிடையாது.

கடைசியாகத் தட்டிப் பார்க்கும் சோதனை. முப்பதுக்கு முப்பது சென்டிமீட்டரில் ஒரு பனித்தூணை அறுத்துத் தனியே நிறுத்தி, அதன் தலையில் மண்வாரியின் தகட்டை வைத்து, மணிக்கட்டை மட்டும் ஆட்டிப் பத்துத் தட்டு, முழங்கையிலிருந்து பத்து, தோளிலிருந்து பத்து. எத்தனையாவது தட்டில் அடுக்கு வழுக்கிக்கொண்டு வருகிறது என்று எழுத வேண்டும். முப்பதுக்கும் அசையவில்லை என்றால் நல்லது.

எங்கள் ரோந்து அதிகாரி தாமோதரம் சார், சூளூர்ப்பேட்டைக்காரர். சத்தமாகப் பேச மாட்டார். நான் கொடுக்கும் தாளைக் கையில் வாங்காமல், இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு, என்னையே படிக்கச் சொல்லிக் கேட்பார். நான் படித்து முடித்ததும் சற்று நேரம் சரிவையே பார்ப்பார். 'பத்திரம்' என்ற சொல்லை அவர் வாயிலிருந்து நான் கேட்டதே இல்லை. "இன்னைக்கு நடக்கலாம்னு சொல்றியா நைனா?" என்பார். ஆமாம் என்றால், "கையெழுத்து யாருதோ அவன் முதல்ல போ" என்பார். அதுதான் சட்டம். ஒரு சரிவை முதலில் நான் தனியாகக் கடக்க வேண்டும். அக்கரை போய்க் கையைத் தூக்கினால் அடுத்த ஆள். எப்போதும் ஒருவர் பின் ஒருவராகத்தான். அந்த ஏற்பாடு நியாயமானது என்று எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

லைன் முழுவதற்கும் நான் ஒரு வரைபடம் போட்டிருந்தேன். அடிக்கடி பனி சரிகிற ஓடைகளுக்குச் சிவப்பு, சந்தேகமானவற்றுக்கு மஞ்சள், காட்டுச் சரிவுகளுக்குப் பச்சை. மரம் அடர்ந்த இடத்தில் பனி சரியாது. அடிமரங்கள் ஆணி அடித்த மாதிரி அதைப் பிடித்துக்கொள்ளும். இது பயிற்சியில் சொல்லித் தந்தது, உண்மையும்கூட.

எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. எந்த மலையானாலும் கம்பிக்குக் கீழேயே நடப்போம். மூடுபனி வந்தால் அங்கே பத்தடி தெரியாது. நிமிர்ந்தால் தலைக்கு மேல் கம்பி 'ஙொய்ய்' என்று இரைந்துகொண்டிருக்கும். அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே அடுத்த டவர் போய்விடலாம். உள்ளூர்க்காரர்கள் வளைந்து வளைந்து மரங்களுக்குள் போவார்கள். எங்கள் ஆட்கள் சிரிப்பார்கள்.

அந்தப் பிப்ரவரியில் நாற்பத்தொன்றாம் டவரில் பீங்கான் சரம் ஒன்று உடைந்திருந்தது. இரண்டு நாள் காற்றோடு பனி விழுந்து ஓய்ந்த மறுநாள் காலை கிளம்பினோம். தாமோதரம் சார், நான், டில்லி, உள்ளூர்க்காரர் கிஷன், ஆக நான்கு பேர். டில்லிபாபுவுக்கு ஆரம்பாக்கத்தில் என் வீட்டிலிருந்து இரண்டு தெரு தள்ளி வீடு. டவர் ஏறுவதில் அவனை மிஞ்ச ஆள் இல்லை. வாயும் அப்படித்தான்.

நாற்பதாம் டவருக்கும் நாற்பத்தொன்றுக்கும் நடுவே தேவதாருக் காடு. வரைபடத்தில் பச்சை. ஆனாலும் முறை முறைதான். காட்டின் ஓரத்தில், மரங்களுக்கு உள்ளே பத்தடி தள்ளிக் குழி வெட்டினேன். பயிற்சியில் அப்படித்தான் சொன்னார்கள்: குழி வெட்டுகிறவன் தானே ஆபத்தான இடத்தில் நிற்கக் கூடாது. ஆழம் நூற்றுமுப்பது சென்டிமீட்டர். மரக்கிளைகளிலிருந்து கட்டி கட்டியாக விழுந்து கலந்து கெட்டிப்பட்ட பனி. அடியில் பரல் இல்லை. முப்பது தட்டுக்கும் தூண் அசையவில்லை.

"இன்னா டைரி, ஒன் பனி பாஸா பெயிலா?" என்றான் டில்லி. முதுகில் புதுப் பீங்கான் சரம், இருபத்தைந்து கிலோவுக்குக் குறையாது.

"பாஸ்."

"எழுதிக்கோ, டில்லி நாஷ்டா துன்னாம வந்தான்னு. அதையும் எழுது."

சார் கையைக் கட்டிக்கொண்டு கேட்டார். எல்லாம் படித்தேன். கையெழுத்துப் போட்டேன். கம்பிக்குக் கீழே சரிவைக் குறுக்காக முதலில் கடந்தேன். அந்தப் பக்கத்து மரங்களுக்கு அருகே போய் நின்று கையைத் தூக்கினேன். மணி 10.42.

டில்லி வந்தான். பாதி தூரத்தில் சுமையைச் சரி செய்ய நினைத்திருக்க வேண்டும். பனிக்கு மேலே ஓர் அடிக்கட்டையின் தலை துருத்திக்கொண்டிருந்தது. அதில் பாரத்தைச் சாய்க்க நான்கு எட்டு மேலே வைத்தான்.

'தும்' என்று ஒரு சத்தம். லாரியிலிருந்து நெல்மூட்டையை இறக்கிப் போட்டது போல. அது காதில் விழவில்லை, காலில் விழுந்தது. அவனுக்கு மேலே பனியில் ஒரு கோடு ஓடியது. இந்த ஓரத்து மரத்திலிருந்து அந்த ஓரத்து மரம் வரைக்கும் கத்தியால் கிழித்த மாதிரி. பிறகு கோட்டுக்குக் கீழே இருந்த மொத்த வெள்ளையும் ஓடு ஓடாக உடைந்துகொண்டு இறங்கியது. டில்லி என்னைத்தான் பார்த்தான். வாயைத் திறந்தான். அதற்குள் அவன் இல்லை.

பனி ஓடி நின்றதும் எந்தச் சத்தமும் இல்லை. நான் வாட்சைப் பார்த்தேன். 10.46. ஏன் பார்த்தேன் என்று தெரியவில்லை. பச்சை, பச்சை என்று மட்டும் மனதில் ஓடிக்கொண்டிருந்தது. இது பச்சை. இது நடக்காது.

"சம்பத்! கருவி!" என் பெயரைச் சொல்லி சார் அன்று ஒரே முறை கத்தினார்.

எல்லோர் மார்பிலும் ஒரு சிறு கருவி கட்டியிருக்கும். அது விடாமல் சமிக்ஞை அனுப்பும். ஒருவர் புதைந்தால் மற்றவர்கள் தங்களுடையதைத் தேடும் பக்கம் மாற்ற வேண்டும். அதில் தெரியும் மீட்டர் எண் குறையக் குறைய ஆளை நெருங்குகிறோம் என்று பொருள். முதல் கால் மணி நேரத்துக்குள் எடுத்தால்தான் பெரும்பாலும் உயிர். எனக்கு விசையைத் திருப்ப விரல் வரவில்லை. கையுறையைப் பல்லால் கடித்து இழுத்தேன்.

முப்பத்தாறு. இருபத்தொன்பது. இறங்கினேன். உடைந்த பனிக்கட்டிகள் சிமென்டுபோல இறுகிவிட்டிருந்தன. பதினாறு. ஒன்பது. அங்கே எண் ஏறியது. திரும்பினேன். ஆறு. கிஷன் எனக்கு முன்னால் மண்டியிட்டுவிட்டார். இரண்டு புள்ளி நான்கு. ஒன்று புள்ளி மூன்று. ஆளைத் துழாவுகிற நீளக் கம்பியை இறக்கினார். மூன்றாவது குத்தில் கம்பி மெத்தென்று நின்றது. சார் மேலிருந்து தோண்டவிடவில்லை. "கீழ்ப்பக்கம் போ. பக்கவாட்டுல வெட்டு. அவன் மேல நிக்காதே" என்றார். மூவரும் வெட்டினோம். முதலில் பீங்கான் வட்டு ஒன்று. பிறகு தலைக்கவசத்தின் மஞ்சள்.

முகத்தைச் சுற்றி மூச்சுக்காற்று உறைந்து கண்ணாடி மாதிரி ஓடு கட்டியிருந்தது. உதடு நீலம். சார் இரண்டு விரலால் வாயிலிருந்த பனியை வழித்து எறிந்தார். 10.59. பதின்மூன்று நிமிடம்.

அவன் இருமினான். கண்ணைத் திறந்து நேரே மேலே பார்த்தான்.

"லைன் நிக்குதா?" என்றான்.

 கிஷன் அவன் கன்னத்தைத் தட்டிச் சிரித்தார், அழுதார். இடது தொடை எலும்பு முறிந்திருந்தது. வேறு பெரிதாக எதுவும் இல்லை.

முகாமிலிருந்து, ஆளைப் படுக்கவைத்துப் பனியில் இழுத்துப் போகிற சறுக்குக் கட்டில் வர நேரமிருந்தது. "மேல போய்ப் பாரு. எழுதிக்கினு வா" என்றார் சார். பனி உடைந்த இடத்தில் எழுபது சென்டிமீட்டர் உயரத்துக்கு ஒரு சுவர் நின்றது. காற்று கொண்டுவந்து குவித்த கெட்டி அடுக்கு. அதற்குக் கீழே பதினைந்து சென்டிமீட்டருக்குப் பரல்கள். முஷ்டியை வைத்தேன். மணிக்கட்டு வரை போய்விட்டது. காலையில் நான் வெட்டிய குழி அங்கிருந்து கண்ணுக்குத் தெரிந்தது. நாற்பதடிகூட இருக்காது. நான் அளந்த ஒவ்வொரு எண்ணும் சரி. அளந்த பனி வேறு, நடந்த பனி வேறு.

பின்னாலிருந்து கிஷன் இந்தியில் சொன்னார்: "எங்க அப்பா காலத்துல இங்க பனி இறங்கினதே இல்லை. அப்போ மரம் இருந்தது."

நான் அப்போதுதான் அண்ணாந்து பார்த்தேன். கம்பிக்கு நேர் கீழே, மலை உச்சியிலிருந்து அடிவாரம் வரை, ஒரு வகிடு. இரண்டு பக்கமும் தேவதாரு. நடுவில் ஒரு மரம் இல்லை. கம்பி போவதற்காக வெட்டிய பட்டை அது. வரைபடத்தில் அதையும் காட்டோடு சேர்த்துப் பச்சை அடித்திருந்தேன். காற்று அந்தச் சந்தில்தான் பனியைக் கொண்டுவந்து அடைத்திருக்கிறது. பிடித்துக்கொள்ள அடிமரம் ஒன்றும் இல்லை. மிச்சம் இருந்தவை அடிக்கட்டைகள்தான். அவற்றைச் சுற்றிப் பனி மெல்லிசு. ஆள் பாரம் அடிப்பரலுக்கு நேரே போய்ச் சேரும்.

அன்றே வரைபடத்தில் நாற்பதுக்கும் நாற்பத்தொன்றுக்கும் இடையே சிவப்பு அடித்தேன். சார் அறிக்கை அனுப்பினார். எல்லாம் முறைப்படி நடந்தது.

மலை ஆஸ்பத்திரியில் அறுவை முடிந்ததும் டில்லியை ஊருக்குக் கூட்டி வருகிற பொறுப்பு எனக்கு வந்தது. விபத்து நடந்த பதினோராம் நாள் மாலை ஆரம்பாக்கம் வந்து சேர்ந்தோம். வீட்டுக்கு வந்ததும் பெட்டியைத் திறந்து முதல் டைரியை எடுத்தேன். கம்பிப் பாதைக்கு மரம் வெட்டிய ஆண்டு. பனிப் பார்வையாளன் ஆவதற்கு முன்னால், அளவு சரிபார்ப்பவனாக அங்கே போயிருந்தேன். என் கையெழுத்தில் இருந்தது: 'நாற்பது முதல் நாற்பத்தொன்று. அகலம் 46 மீட்டர், டேப்பில் இரு முறை பார்த்தேன். ஒரு கன்றுகூட மிச்சம் இல்லை. வேலை சுத்தம்.'

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அந்த டைரியை எடுத்துக்கொண்டு டில்லி வீட்டுக்குப் போனேன். கூடத்தில் கட்டிலில் கால் முழுக்க மாவுக்கட்டோடு படுத்திருந்தான். அவன் மனைவி கன்னியம்மா தட்டில் இட்லி வைத்து, "துன்னுங்கண்ணா, மூஞ்சே சரியில்ல" என்றார். நான் தட்டைத் தொடாமல் அந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டினேன். அளந்தது நான், அன்று உன்னை வரச்சொல்லிக் கையைத் தூக்கியதும் நான் என்று சொன்னேன்.

டில்லி முழுக்கக் கேட்டான்.

"நீ டேப்பு புட்ச்சே. ரம்பம் யாரு கைல இருந்துச்சு?" என்றான். "நான்தான அறுத்தேன். இதப் படிச்சுக் காட்டவா ஊட்டாண்ட வந்தே?"

"சொல்லணும்னு தோணுச்சு."

"சரி, சொல்லிட்டே."  தலையை என் பக்கம் திருப்பினான். "அத்த மாதிரி இன்னும் எத்தினி எடம் அறுத்தோம்?"

எனக்கு விளங்கவில்லை.

"யோவ் டைரி, மலை முழுக்கத்தான அறுத்தோம். ஒரு எடம் மட்டுமா? கணக்கு போடு."

டைரியைப் புரட்டினேன். காட்டுக்குள் வெட்டிய பட்டைகளில் முப்பது பாகைக்கு மேல் சரிவுள்ளவற்றை மட்டும் எண்ணினேன். பத்தொன்பது. ஒன்றைத்தான் சிவப்பாக்கியிருந்தேன். மற்ற பதினெட்டும் என் வரைபடத்தில் பச்சையாகவே இருந்தன.

"பதினெட்டு."

"இப்ப ரோந்து போவுதா இல்லியா?"

"போகுது."

"அப்போ இங்க இன்னாத்துக்கு ஒக்காந்துகினு கீறே? பேஜாரு புட்ச்ச ஆளுய்யா நீ! போனப் போடு!"

இரண்டு முறை தவறான எண்ணை அழுத்தினேன். மூன்றாவது முறை சார் எடுத்தார். மணி 9.25. கிஷனோடு நான்கு பேர் ஏழு மணிக்கே கிளம்பிவிட்டார்கள், இப்போது ஐம்பத்திரண்டாம் டவரைத் தாண்டி இறங்கிக்கொண்டிருப்பார்கள் என்றார். ஐம்பத்திரண்டுக்குக் கீழே வரிசையாக மூன்று பட்டைகள். சொன்னேன்.  "வையி. வயர்லெஸ்ல பிடிக்கறேன்" என்று வைத்துவிட்டார்.

அதற்குப் பிறகு நான் உட்காரவில்லை. கன்னியம்மா இட்லியை எடுத்துப் போய்ச் சுட வைத்துக் கொண்டுவந்தார், மறுபடி எடுத்துப் போனார்.  எளாவூர் பக்கம் ரயில் போகிற சத்தம் மூன்று முறை கேட்டது. 1.10க்குப் போன் அடித்தது. வயர்லெஸ் பத்து மணிக்கு முன்னால் கிடைத்தது, மரங்களுக்குள் புகச் சொன்னதும் நாற்பது நிமிடத்து வழியை மூன்று மணி நேரத்துக்கு மேல் சுற்றி நடந்து நான்கு பேரும் முகாம் சேர்ந்துவிட்டார்கள் என்றார் சார்.

டில்லி சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். முதுகு குலுங்கியது.

மார்ச்சில் நான் மலைக்குத் திரும்பினேன். முதல் வேலையாக முகாமின் ரோந்துக் குறிப்பேட்டைப் பார்த்தேன். டில்லி புதைந்த நாளுக்கும் நான் போன் செய்த நாளுக்கும் இடையே ஆறு ரோந்துகள் போயிருந்தன. ஆறும் கம்பிக்குக் கீழேதான். ஆறிலும் முன்னால் நடந்தவர் என்ற இடத்தில் கிஷன் பெயர்.

கிஷன் அடுப்படியில் இருந்தார். மரம் இருந்ததை எனக்கே சொன்னவர் நீங்கள், அப்புறம் ஏன் அந்த வழியில் போனீர்கள் என்று கேட்டேன்.

அவர் என்னைப் புரியாமல் பார்த்தார்.

"நீங்க அந்த ஒரு இடத்துக்குத்தானே சிவப்பு அடிச்சீங்க?" என்றார்.